மருந்து வந்தது, ரிசல்ட் வந்ததா?
குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் நம்ம பக்கம் வந்த வரலாறு



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். குழு ஆரம்பித்த கதை, முதல் வங்கிக் கடன் வாங்கிய கதை எல்லாம் மற்ற அக்காமார் எழுதிவிடுவார்கள். நான் எடுத்துக்கொண்டது நம்ம வீட்டு பிரிட்ஜ் கதவில் நிற்கிற ஒரு சின்ன பாட்டிலின் வரலாறு. உள்ளே பவுடர் இருக்கும். காய்ச்சி ஆறிய தண்ணியைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கி, காலையில் ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி என்று பிள்ளைக்குக் கொடுப்போமே, அந்த ஆன்டிபயாடிக் மருந்துதான். அதோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அது லேப் ரிசல்ட் சீட்டு. மருந்து அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறது. சீட்டு பல நேரம் லேப் மேஜையிலேயே கிடக்கிறது. இது எப்படி இப்படி ஆனது, அதனால் பிள்ளைகளுக்கு என்ன கெடுதல் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மருந்து இல்லாத காலம்

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்தத் தறியில் நின்றவர்கள், துணி மடித்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்னால் புண்ணுக்கு இருந்த வைத்தியம் பெரும்பாலும் அவ்வளவுதான். கழுவ வேண்டியது, மருந்து தடவ வேண்டியது, துணி கட்ட வேண்டியது. சீழ் பிடித்து ரத்தத்தில் ஏறிவிட்டால் பெரிய டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

1935-ல் ஜெர்மனியில் ஹில்டகார்டு என்ற ஆறு வயதுப் பெண் குழந்தை, தையல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் விழுந்துவிட்டாள். ஊசி குத்திய கை சீழ் வைத்து, கையையே எடுக்க வேண்டும் என்கிற நிலை. அவள் அப்பா கெர்ஹார்ட் டோமாக் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர். தன் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொண்டிருந்த சல்ஃபா மருந்தை மகளுக்குக் கொடுத்தார். கையும் தப்பியது, உயிரும் தப்பியது.

பென்சிலின் கதை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே உண்டு. 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளமிங் கண்டுபிடித்தார். ஆனால் அது மருந்தாக மாற இன்னும் பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் ஆனது. 1941-ல் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் போட்டார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்திருந்த மனிதர் நாலைந்து நாளில் தேறி வந்தார். அதற்குள் மருந்து தீர்ந்துபோனது. அவர் சிறுநீரில் வெளியேறிய பென்சிலினைக்கூட வடித்தெடுத்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை, ஆள் இறந்துவிட்டார். ஒரு துளியைக்கூட வீணாக்காமல் சிறுநீரிலிருந்து எடுத்த மருந்து அது. இன்றைக்குப் பாதி பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றுகிறோம்.

1945-ல் நோபல் பரிசு வாங்கும்போதே ஃபிளமிங் எச்சரித்துவிட்டார். கடையில் யார் வேண்டுமானாலும் பென்சிலின் வாங்கித் தின்கிற காலம் வந்தால், அரைகுறை அளவில் சாப்பிட்டு, மருந்துக்குச் சாகாத கிருமியை மனுஷனே வளர்த்துவிடுவான் என்பது அவர் சொன்னதன் சாரம்.

நம்ம ராஜபாளையம் பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தார். அந்தக் காலத்தில் பென்சிலின் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய சரக்கு. பெரிய நோய் என்றால் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இப்போதைய ராஜாஜி மருத்துவமனைதான் அது. 1954-ல் புனே பக்கத்தில் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசுக் கம்பெனி ஆரம்பித்தார்கள். யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் உதவின. அதற்குப் பிறகு நம் நாட்டிலேயே மருந்து தயாரானது, விலை இறங்கியது, டவுன் கடை வரைக்கும் வந்தது, அப்புறம் கிராமத்துக் கடைக்கும் வந்தது. அதனால் பிழைத்த பிள்ளைகள் ஏராளம். அதை மறந்துவிட்டு ஆன்டிபயாடிக் என்றாலே விஷம் என்று பேசுவது நன்றி கெட்ட பேச்சு.

அடுப்படியில் பிறந்த டெஸ்ட்

மருந்தைவிட டெஸ்ட் மூத்தது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. பென்சிலினுக்கு 45 வருஷம் முன்னாலேயே கிருமியை வளர்த்துப் பார்க்கிற முறை வந்துவிட்டது. அதில் ஒரு பெண்ணின் கை இருக்கிறது.

ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்பவர் கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெலட்டின் ஊற்றிய தட்டில் வளர்த்தால், வெயில் காலத்தில் ஜெலட்டின் உருகி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று கரைத்துவிடும். அவரிடம் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் செய்கிற ஜெல்லி மட்டும் வெயிலிலும் இறுகி நிற்கிறதே, அதில் போடுகிற அகரைப் போட்டுப் பாருங்களேன் என்றார். ஜாவாவில் இருந்து வந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் கற்றுக்கொண்ட சமையல் அது. போட்டுப் பார்த்தார்கள், நின்றது. 1882-ல் கோக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகரைப் பற்றி ஒரு வரி எழுதினார். ஃபேனியின் பெயரை எழுதவில்லை. நமக்கு இதெல்லாம் புதுசா என்ன!

அகர் என்பது கடையில் கடல்பாசி என்று விற்கிற அதே சாமான்தான். நோன்புக் காலத்தில் பால், சீனி போட்டுக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, துண்டு போட்டுத் தருவார்களே, அது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துக் கடலில் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் காய்ச்சுகிறார்கள். 1985-ல் விருதுநகர் மாவட்டம் பிரிகிற வரைக்கும் நாமும் அவர்களும் ஒரே ராமநாதபுரம் ஜில்லாதான்.

இன்றைக்கு யூரின் கல்ச்சர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் லேப்பில் நடப்பது இதுதான். பிள்ளையின் சிறுநீரில் ஒரு சொட்டை அகர் தட்டில் தேய்த்துச் சூடான பெட்டிக்குள் வைப்பார்கள். கிருமி இருந்தால் ஒன்று, இரண்டு நாளில் பொட்டுப் பொட்டாக வளரும். வளர்ந்த கிருமியை இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து ஏற்றிய சின்ன வட்டத் தாள்களைக் கோலப்புள்ளி மாதிரி இடம் விட்டு வைப்பார்கள். எந்த மருந்து அந்தக் கிருமியைக் கொல்கிறதோ, அந்தப் புள்ளியைச் சுற்றி ஒன்றும் முளைக்காத வெறும் வட்டம் தெரியும். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று ரிசல்ட்டில் வருவது அதைப் பார்த்துத்தான்.

பால் உறைய ஒரு ராத்திரி வேண்டும் என்கிற மாதிரி, கல்ச்சருக்கும் நேரம் வேண்டும். அவசரப்படுத்த முடியாது. சிக்கல் தொடங்குவது இங்கேதான். மருந்துக் கடையில் ஐந்து நிமிஷத்தில் பாட்டில் கிடைக்கிறது. ரிசல்ட்டுக்கு இரண்டு நாள் ஆகிறது. அந்த இரண்டு நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிடும். மில்லுக்கு ஷிஃப்ட் போக வேண்டும், நூறு நாள் வேலைக்குப் போக வேண்டும். இன்னொரு தடவை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ போய் ஒரு தாளை வாங்கி வர யாருக்கு நேரம்? பிள்ளைதான் நல்லா இருக்கிறதே என்று விட்டுவிடுகிறோம். ஆஸ்பத்திரியிலும் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவர்கள், வராத ஆளைத் தேடிக் கூப்பிடுவதில்லை. யார் மேலேயும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். குழுவில் ஐந்தாயிரம் கடன் கொடுத்தால் தவணை வந்ததா, ரசீது எங்கே என்று விடாமல் கேட்கிற நாம், காசு கட்டிக் கொடுத்த டெஸ்ட்டுக்கு ரிசல்ட் எங்கே என்று கேட்பதில்லை.

சென்னையில் வீடு தேடிப் போன ரிசல்ட்

டெஸ்ட்டைத் தொடர்ந்து பார்த்து வைத்தியம் செய்வது வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். உலகத்துக்கே இதில் வழிகாட்டியது நம்ம சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும் என்பது நம்பிக்கை. ஏழைகளுக்கு ஏது அவ்வளவு படுக்கை? நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும், மறு பாதியை அவரவர் குடிசை வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, வேலை அதிகம். இருந்தும் 1959-ல் வெளியான முடிவு, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணம் என்று சொன்னது.

எப்படி முடிந்தது? சளியைத் தவறாமல் கல்ச்சர் வைத்துப் பார்த்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போகிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்தும் ரிசல்ட்டும் ஒரே கையில் சேர்ந்து நடந்தன. (காசநோய் மருந்தை மட்டும் காய்ச்சல் விட்டது, இருமல் நின்றது என்று எக்காரணம் கொண்டும் நடுவில் நிறுத்தக் கூடாது. நான் மேலே சொல்லப்போவது அதற்குப் பொருந்தாது.)

சென்னையில் அப்படி நடந்தது. ஆனால் சாதாரணக் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று வருகிற பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வந்து சேரவில்லை. பாட்டில் மட்டும் வந்தது.

கிருமி கற்றுக்கொண்ட பாடம்

டைபாய்டுக்கு குளோராம்பெனிகால் என்ற மருந்து 1948 முதல் கைகண்ட மருந்தாக இருந்தது. 1972-ல் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியபோது அந்த மருந்து கேட்கவில்லை. நம்ம மேற்குமலைக்கு அந்தப் பக்கத்தில் நடந்தது இது. அதற்குப் பிறகு வேறு மருந்து, அதுவும் கேட்காமல் இன்னொரு மருந்து என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறோம்.

2010-ல் இன்னும் பெரிய சேதி வந்தது. கடைசி ஆயுதம் என்று டாக்டர்கள் வைத்திருக்கிற மருந்துகளையே முறிக்கிற கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சி அது. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அப்படிப்பட்ட கிருமி இருந்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இந்தியாவின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று பெரிய சத்தம் எழுந்தது. சத்தம் அடங்கிய பிறகு, 2012 ஆகஸ்டில் நாட்டின் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடிப் பேசி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த ஒரு திட்டம் எழுதின. அதற்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர்.

2014 மார்ச் முதல் எச்-1 என்ற பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அடிக்கடி எழுதுகிற செஃபிக்சிம் அதில் உண்டு. அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின் இரண்டும் அதில் இல்லை. ஆனால் அவற்றுக்கும் டாக்டர் சீட்டு கட்டாயம். 2016 முதல் அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று அரசே விளம்பரம் செய்தது. கோடு போட்டது நல்லதுதான். ஆனால் கோடு கடைக்காரரைத்தான் தடுக்கும். டாக்டர் முறையாக எழுதிக் கொடுத்து, அப்புறம் தேவையில்லை என்று ரிசல்ட் வந்து, அதை யாரும் பார்க்காமல் ஏழு நாளும் பிள்ளைக்குப் போகிற மருந்தை எந்தக் கோடு தடுக்கும்?

2019-ல் மட்டும், மருந்து கேட்காத கிருமியால் நேரடியாக உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு. ஐந்தில் ஒருவர் ஐந்து வயது நிறையாத குழந்தை.

கடையநல்லூர் காய்ச்சல்

2012-ஐ நம்ம பக்கத்துப் பெண்கள் மறக்க மாட்டார்கள். தெற்கே கடையநல்லூரில் டெங்கு பரவி, வீட்டுக்கு வீடு காய்ச்சல். அந்த வருஷம் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு, 60 பேருக்கு மேல் சாவு. டெங்கு வைரஸால் வருவது. வைரஸுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது. அதற்கு வேண்டியது நீராகாரம், ஓய்வு, ரத்தத் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பது, வயிற்றுவலியோ ரத்தக்கசிவோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலில் ரிசல்ட் எவ்வளவு முக்கியம் என்று அந்த வருஷம் எல்லாருக்கும் புரிந்தது. தட்டணு எத்தனை என்று கடைத்தெருவில்கூட விசாரித்தார்கள். அந்தப் பழக்கம் டெங்குவோடு நின்றுவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

டைபாய்டு விஷயத்தில் இன்னொரு குழப்பம். வைடால் டெஸ்ட் 1896-ல் வந்தது. பழைய காய்ச்சல், தடுப்பூசி, வேறு தொற்று எது இருந்தாலும் அது சில சமயம் பாசிட்டிவ் காட்டும். ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டிப் பத்து, பதினான்கு நாள் மருந்து சாப்பிடுகிற பிள்ளைகள் இன்றும் உண்டு. மருந்து தொடங்குவதற்கு முன் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் வைப்பது அதைவிட நம்பகமானது. அதன் ரிசல்ட்டுக்கும் சில நாள் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது நாள் போன்

சின்னக் குழந்தைக்குச் சளி, இருமல் ஒன்றும் இல்லாமல் கடும் காய்ச்சல் என்றால், சிறுநீரில் தொற்று இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்படுவார். அது உண்மையாக இருந்து வைத்தியம் தாமதமானால் கிட்னியில் தழும்பு விழலாம். அதனால் ரிசல்ட்டுக்கு முன்னாலேயே மருந்து தொடங்குவது சரியான வைத்தியம். அதில் தப்பே இல்லை. இரண்டு நாள் கழித்து ரிசல்ட்டில் கிருமி வளரவில்லை என்று வந்தால், பல பிள்ளைகளுக்கு மருந்தை நிறுத்திவிடலாம். வளர்ந்திருந்தாலும் அந்தக் கிருமிக்கு இந்த மருந்து கேட்காது என்று தெரிந்தால் மாற்ற வேண்டும். இரண்டில் எது என்றாலும் ரிசல்ட் டாக்டர் கண்ணில் பட்டால்தான் நடக்கும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் சில குழந்தைகள் ஆஸ்பத்திரிகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. நர்ஸோ மருந்தாளுநரோ தினமும் வந்த கல்ச்சர் ரிசல்ட்டுகளைப் பார்த்து, கிருமி வளராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டு, டாக்டர் நிறுத்தச் சொல்கிறார் என்று சொல்வார்கள். புது மருந்து இல்லை, பெரிய மெஷின் இல்லை. ஒரு பட்டியல், ஒரு போன்.

சாம்பிள் எடுப்பதிலும் நம் பங்கு இருக்கிறது. பிள்ளையைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கம் கை படக் கூடாது. பிடித்த உடனே லேப்பில் சேர்க்க வேண்டும். வீட்டில் பிடித்துப் பைக்குள் வைத்து, வெயிலில் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் கொண்டுபோனால், வழியிலேயே வேறு கிருமி பெருகி ரிசல்ட் குழம்பிவிடும். அப்புறம் தேவையில்லாத மருந்துக்கு நாமே வழி செய்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ரிசல்ட்டை நாமே படித்து மருந்தை நாமே நிறுத்தக் கூடாது. கைக்குழந்தைக்கும், ஏற்கெனவே ஆன்டிபயாடிக் குடித்த பிள்ளைக்கும், வேறு நோய் உள்ள பிள்ளைக்கும் கணக்கு வேறு. நிறுத்துவதும் மாற்றுவதும் டாக்டர் வேலை. ரிசல்ட்டை அவரிடம் கொண்டுசேர்ப்பதுதான் நம் வேலை. கலக்கிய மருந்தில் மிச்சம் இருந்தால், அடுத்த பிள்ளைக்கு ஆகும் என்று எடுத்து வைக்கவும் வேண்டாம். தண்ணி ஊற்றிய பிறகு அதற்கு ஆயுள் சில நாள்தான்.

நம் கையில் உள்ளது

1989-ல் தர்மபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது தமிழ்நாட்டின் மகளிர் குழு வரலாறு. அப்போது சேமிப்பும் கடனும்தான் பேச்சு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிற தன்னார்வலர்களைக் குழுப் பெண்களிலிருந்தே எடுத்தார்கள். ஒரு தாளில் பெயர் எழுதி, நம்பர் எழுதி, அடுத்த மாசம் மறுபடி போய்ப் பார்ப்பது நமக்குப் பழகிவிட்டது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் பெரிய டெஸ்ட் என்றால் மதுரை, அதற்கும் மேலே என்றால் 1899-ல் தொடங்கிய கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் என்று இருந்த மாவட்டம் இது.

சாம்பிள் கொடுக்கும்போதே மூன்று கேள்வி கேட்கலாம். ரிசல்ட் எந்தத் தேதிக்கு வரும்? எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும்? கிருமி இல்லை என்று வந்தால் இந்த மருந்தை என்ன செய்வது? பதிலை மருந்துச் சீட்டின் பின்பக்கமே எழுதி வாங்கிக்கொள்ளலாம். கோபப்படுகிற டாக்டர் இருக்கலாம், ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகத்தான் சொல்கிறார்கள். டவுனுக்கு வேலைக்குப் போகிற ஒரு உறுப்பினர், தன் குழுவில் உள்ள மற்றவர்களின் சீட்டையும் சேர்த்து வாங்கி வந்தால் நாலு பேருக்குப் பஸ் காசு மிச்சம். குழுக் கூட்டத்தில் கடன் தவணை வாசித்து முடித்ததும், யார் வீட்டுப் பிள்ளைக்கு ரிசல்ட் பாக்கி என்று ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிஷம் ஆகும். அடுத்த மாதக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதைச் சேர்க்கும்படி கூட்டமைப்புச் செயலாளர் அக்காவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.